கடிதத்தின் அடியில் இரண்டு எழுத்து

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. உள்ளே இரண்டே பேர். ஒருத்தி அவள்... கையில் தண்ணீர் சொட்டும் அண்ணனின் கறுப்புக் குடை, நெஞ்சோடு அணைத்த புது நோட்டு. இன்னொருத்தன், முன்பின் தெரியாதவன்.

"கதவைத் தட்டுங்களேன்... யாராவது வருவாங்க."

"தட்டினா கைதான் வலிக்கும். முதல்ல அந்தக் குடையைத் தள்ளிப் பிடிங்க. வெளியில பெய்யற மழை முழுக்க என் கால்லதான் விழுது."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி... இவனுக்குக் கால் நனைகிறதாம். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "பயப்படாதீங்க. கதவு சரியா ஒட்டலை, அதான் நின்னுடுச்சு. லிஃப்ட் நின்னா நல்லதுங்க. நிக்க வேண்டிய இடத்துல நிக்காம போச்சு பாருங்க... அப்பதான் பயப்படணும்."

தோளைக் கொடுத்துக் கதவை ஒரு அழுத்து அழுத்தினான். லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே கிளம்பியது. அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பல நாள் தூக்கம் கெட்ட கண்கள்... ஆனாலும் ஓரத்தில் ஒரு குறும்பு மிச்சமிருந்தது. பார்த்தது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அன்று முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நாலாவது மாடியில் இருவரும் இறங்கினார்கள். ஒரே கதவை நோக்கி நடந்தார்கள். மாலை ஆறு மணி ஆங்கில வகுப்பு, மொத்தம் ஆறு வாரம். பல் டாக்டரின் கிளினிக்குக்கு அடுத்த அறை என்பதால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்குப் பல் ராவும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தாமதமாக வந்த இருவருக்கும் கடைசி பெஞ்சில்தான் இடம். நடுவில் குடைக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வரும் வாத்தியாருக்கு எப்போதும் தொண்டைக்கட்டு. வாக்கியம் நாலு வகை என்று எழுதிப் போட்டார். சொல்வது, கேட்பது, கட்டளையிடுவது, உணர்ச்சியைக் கொட்டுவது. "எங்க வீட்டுல எல்லாருக்கும் மூணாவது மட்டும்தான் வரும்" என்று பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள்... சிரித்தாள்.

வகுப்பில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவனுக்கு 'லிஃப்ட்காரர்' என்று முதல் நாளே பேர் வந்துவிட்டது. அவன் நோட்டில் சிவப்பு மையால் திருத்திக் கொடுக்கும் அவளை அவன் 'டீச்சரம்மா' ஆக்கிவிட்டான்.

மூன்றாம் நாள் டென்ஸ் பயிற்சி. முக்காலத்திலும் தன்னைப் பற்றி எழுத வேண்டும். அவன் எழுதியதெல்லாம் இறந்தகாலம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். நன்றாகத் தூங்கினேன்.

"நிகழ்காலம் எங்கே?" என்றாள்.

"காலி."

"எதிர்காலம்?"

"அதெல்லாம் டீச்சரம்மா மாதிரி ஆளுங்களுக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதே நினைப்பு. ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்து எதற்கென்று தெரியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை செயப்பாட்டுவினை. பாஸிவ் வாய்ஸ். உங்களுக்கு வந்த ஏதாவது ஆங்கிலக் கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள், அதில் கண்டுபிடிக்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அவன் நாலாக மடித்த ஒரு தாளை அவள் முன் விரித்தான். அவனை வேலையிலிருந்து நீக்கிய கடிதம்.

முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உரிய பராமரிப்பு செய்யப்படவில்லை என்று கண்டறியப்பட்டது... அலட்சியம் காணப்பட்டது... பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்... படிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எழுதியவள் அவள்தானே.

அவள் வேலை பார்ப்பது அந்த லிஃப்ட் கம்பெனியின் கிளை அலுவலகத்தில். மெக்கானிக்குகள் எல்லாம் ஊருக்கு வெளியே டிப்போவில், இங்கே வருவதில்லை. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நிற்காமல் கீழே இறங்கி, பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்திக்குக் கால் முறிந்தது. மெக்கானிக்கை நீக்கிக் கடிதம் தயாரிக்கச் சொன்னார்கள். யார் பேரும் வராமல் பார்த்து எழுது என்று அண்ணன் கெஞ்சினான். அண்ணன்தான் அந்த டிப்போவின் சூப்பர்வைசர். எழுதினாள். ரொம்ப அழகாக எழுதியிருக்கிறாய் என்று மேனேஜர் பாராட்டினார். ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டு வா, மேல் பதவி போட்டுத் தருகிறேன் என்றார். அந்த சர்டிபிகேட்டுக்காகத்தான் இந்த வகுப்பு.

"இதுல யாரு கண்டுபிடிச்சாங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டான்.

"இல்லை..."

"யாரு அலட்சியமா இருந்தாங்கன்னாவது?"

"அதுவும் இல்லை."

"கெட்டிக்காரத்தனமா எழுதியிருக்காங்க" என்றான். விரலைக் கடிதத்தின் அடிக்குக் கொண்டுபோனான். "இது என்ன, மூலையில குட்டியா ரெண்டு எழுத்து?"

"டைப் பண்ணினவங்க... அடையாளம்."

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவன் நோட்டைத் திறந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பல் ராவிக்கொண்டிருந்தார்கள். தன் பேரின் அந்த இரண்டு எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. கடிதம் எழுதிய அன்று அவன் அவளுக்கு வெறும் ஊழியர் எண். அந்த எண்ணுக்கு இப்படி இரண்டு கண்கள் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மூன்று முறை சீட்டு எழுதிக் கொடுத்தானாம். அந்தச் சீட்டுக்கு நகல் கிடையாது. விசாரணையில், அப்படி ஒரு சீட்டு வரவே இல்லை என்றார்களாம். ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனபோது, அவளுடைய அப்பா அவன் கொண்டுபோன பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாராம். தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும். கடைசித் தேதி, வகுப்பு முடிகிற நாளுக்கு மறுநாள்.

"யார்கிட்டயாவது கொடுத்து எழுதி வாங்கலாமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அடுத்தவங்க எழுதித்தானே என் பொழப்பு போச்சு. இதையாவது நானே எழுதறேன்."

அதற்குப் பிறகு ஐந்து வாரம்... தினமும் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து மனுவைத் திருத்தினாள். 'நான் மூன்று முறை எழுத்து மூலம் தெரிவித்தேன்' என்பதை எப்படி எழுதுவது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். அந்த மூன்று சீட்டும் அவள் அலுவலக அலமாரியில், கீழ்த்தட்டில், ஒரு பழுப்பு உறைக்குள் இருந்தன. கிழித்துப் போடத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை, எங்கேயாவது வை என்று அண்ணன்தான் கொடுத்திருந்தான். அப்பா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பிய அண்ணன். செலவைக் குறை என்று மேலே இருந்து நெருக்கியபோது சீட்டுகளை டிராயரில் போட்டுப் பூட்டிய அண்ணன். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அதுதான் கொடுமை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். மறுநாள் அவன் கடைசி பெஞ்சில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவளைக் கண்டதும் அந்தக் கண்கள் மலரும். சொன்னால் அவை இனி தன்னை அப்படிப் பார்க்காது... இன்னும் ஒரே ஒரு நாள் என்று தள்ளிப் போட்டாள். திருட்டுச் சந்தோஷம் என்று தெரிந்தேதான் அனுபவித்தாள்.

நாலாவது வாரம் அவன் நோட்டில் ஏதோ எழுதிக் கையால் மறைத்துக்கொண்டான். திருத்த வேண்டாமா என்று கேட்டாள். "இது எதிர்காலம். மனு போனப்புறம் காட்டறேன்" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

கடைசி நாள். தேர்வு. பகல் முழுக்க மழை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள்.

சாயங்காலம் லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. குடையைக் காலையில் வீட்டிலேயே மறந்திருந்ததால் தெப்பமாக நனைந்திருந்தாள். அவன் படியடியில் காத்திருந்தான். இரண்டாவது மாடி திரும்பும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும்தான் இருக்கு..." என்று வெட்கத்தோடு சிரித்தான்.

அவள் உறையை நீட்டினாள். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தாள். பிரித்தான். தன் கையெழுத்தையே முதலில் அடையாளம் தெரியாதவன் மாதிரி பார்த்தான். மூன்றையும் படித்தான். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான். அந்த ரெண்டு எழுத்து நான்தான்" என்றாள். "இதைப் பூட்டி வைச்ச சூப்பர்வைசர் என் அண்ணன்."

யாரோ இருமிக்கொண்டே அவர்களைத் தாண்டி மேலே போனார்கள். அவன் நிமிரவில்லை.

"எப்பலருந்து தெரியும்? அது நான்னு?"

"நீங்க கடிதத்தைக் கொண்டுவந்த அன்னிக்கே."

"அஞ்சு வாரம்." மெல்லச் சொன்னான். "தினமும் பக்கத்துல உக்காந்து, நான் தப்புப் பண்ணலைன்னு எப்படி எழுதறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்களே... எப்படிங்க முடிஞ்சுது?"

அழக்கூடாது என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுது அனுதாபம் வாங்குகிற தகுதிகூடத் தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

அவன் சீட்டுகளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று விழுந்தது. வேண்டாம், உங்க அண்ணனுக்கு ஆபத்து என்று திருப்பித் தந்துவிடுவான்... எங்கோ ஒரு மூலையில் அப்படி ஒரு நப்பாசை இருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் அவன் அதைப் படித்துவிட்டான்.

"திருப்பித் தருவேன்னு நினைச்சீங்களா?"

"...ஆமா."

"அந்தப் பிள்ளை இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்குது. நான்தான் பண்ணினேன்னு நினைச்சிட்டிருக்கு. என்னால தர முடியாதுங்க."

நோட்டை அவளிடம் நீட்டினான். மூன்று சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன, யாரிடமிருந்து கிடைத்தன என்று மனுவின் கடைசியில் சேர்க்க வேண்டும். எப்படி எழுதுவது என்று கேட்டான். படியில் உட்கார்ந்து எழுதினாள். கிளை அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைத் தயாரித்தவர் என்று தன் முழுப் பேரையும் எழுதினாள். நோட்டை மூடப் போனபோது ஒரு பக்கம் தானாகப் புரண்டது.

நாலாவது வாரத்துப் பக்கம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று அவளைக் கேட்பேன்... ஒரு எழுத்துத் தப்பில்லை. திருத்த ஒன்றுமே இல்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "லிஃப்ட் நின்ன அன்னிக்கே..."

"தெரியும்." அவன் கண்கள் கலங்கியிருந்தன. "இந்த மனு ஜெயிச்சா உங்க வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. தோத்தா, உங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக எனக்கு மூஞ்சி கிடையாது. எப்படிக் கணக்குப் போட்டாலும் வரலை, டீச்சரம்மா."

கடைசி முறையாக அந்தப் பேர். தேர்வுக்கு மேலே போகாமல் படியிறங்கிப் போனான். கடைசிப் படி வரை செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம்தான். அவளும் மேலே போகவில்லை.

வாசலுக்கு வந்தபோது எதிரே பஸ் ஸ்டாப்பில் அண்ணன் நின்றிருந்தான், கறுப்புக் குடையோடு. குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாயே, அதான் கையோடு எடுத்துப்போய், டிப்போவிலிருந்து நேராக வந்தேன் என்று திட்டிக்கொண்டே அவளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டான். கைக்குட்டையால் அவள் தலையைத் துவட்டினான்.

"பரீட்சை நல்லா எழுதினியா?"

"எழுதலைண்ணா." அவள் நின்றாள். "அந்த மூணு சீட்டையும் எடுத்து அவர்கிட்டக் கொடுத்துட்டேன்."

அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றியதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் உனக்கு யார் என்று அவன் கேட்கவில்லை. அவள் அழுத அழுகையிலேயே அது தெரிந்திருக்க வேண்டும். பஸ் வந்தது, நின்றது, அவர்களை விட்டுவிட்டுப் போனது. அண்ணனின் முதுகும் தோளும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. குடை மட்டும் அவள் தலைக்கு மேலேயே இருந்தது.