நிழல் பக்கத்து இருக்கை

துண்டு ஈரமாக இருந்தது.

இருதயராஜ் மேஸ்திரி குனிந்து இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். மதராஸ் பஸ்ஸில் தன் பெண்சாதிக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லி, நேற்றுச் சாயங்காலம் கண்டக்டர் அதாவுல்லாவிடம் அவர் கொடுத்தது வெயிலில் காய்ந்து மொடமொடத்த துண்டு. இந்தச் சித்திரை வெயிலிலும் அது கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டுக் கிடந்தது. பஸ்ஸைக் கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சிவப்புக் கரை போட்ட துண்டு. தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி வருஷா வருஷம் தன் ஆட்கள் எல்லோருக்கும் கொடுப்பது. துண்டு போட்ட இடத்தை ஆம்பூரில் யாரும் தொடமாட்டார்கள். போட்டவன் வந்து உட்காரும்வரை அந்த இடம் அவனுடையதுதான்.

அதைப் பிழிந்து மடித்து, இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில் செருகி, சவுரியம்மாளை மெல்ல உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

அவளை எப்படிக் கொண்டுபோவது என்று பல நாளாக அவருக்கு இதே யோசனைதான். சவுரியம்மாள் வயிற்றில் கட்டி. இந்த வாரத்துக்குள் மதராஸில் அறுத்து எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் என்றால் படிக்கட்டு, கூட்டம், இடிபாடு. பஸ் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும். அதிலும் கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும். சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் குடல் குலுங்கும். வலப்பக்கம் முழுக்க வெயில். ஆகவே முன் வரிசையில், இடப்பக்கம், ஜன்னலோரம். கூஜாவில் சீரகத் தண்ணீர், வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம், புழுதிக்கு முக்காடு. பெண்டாட்டி உடம்பு என்றால் மனுஷன் அப்படி உருகுவார். கூலிக்காரன் உடம்பு என்றால் அவருக்கு அது சரக்கு.

பஸ் கிளம்பியது. மரச்சட்டங்கள் கிறீச்சிட்டன. இரண்டு பக்கத்துப் புளியமரங்களின் நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து நகர்ந்தது.

"சௌகரியமா இருக்குதா?"

"இருக்குதுங்க. வலிகூட கம்மிதான். ஆனா இன்னாங்க, இங்க இப்பிடிச் சுண்ணாம்பு நாத்தம்?"

"மேல தோல் கட்டு ஏத்தியிருக்கான். அதான்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். மதராஸுக்குப் போவது பதனிட்ட தோல். அதில் ஆவாரம்பட்டை வாசனைதான் அடிக்கும். சுண்ணாம்பு வாடை, மயிர் உதிரச் சுண்ணாம்புக் குழியில் ஊறும் பச்சைத் தோலுக்குத்தான் உண்டு. காலமெல்லாம் அந்தக் குழி ஓரத்தில் நின்று ஆட்களை விரட்டிய மேஸ்திரிக்கு இது தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததால்தான் அவளிடம் சொல்லவில்லை. மூக்கை மூடிக்கொண்டு வெளியே பார்த்தார். தண்ணீரில்லாத பாலாறு, வெள்ளை மணலாகக் கண்ணைக் கூச வைத்தது.

மாதனூர் தாண்டியதும் சவுரியம்மாள் தூங்கிவிட்டாள். முக்காடு போட்ட தலை அவர் தோளில் சாய்ந்தது. பாவம், எத்தனை நாளாகிறது இவள் இப்படித் தூங்கி! அவருக்குக் கண் கலங்கியது. அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதாவுல்லா டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தான். பைக்குள் கையை விட்டு எதையோ இழுத்தான்.

"மாஃப் பண்ணுங்க மேஸ்திரி. நேத்து நீங்க குடுத்த துண்டு, போடவே மறந்துட்டேன். நல்லவேளை, எப்பிடியோ இடம் கெடைச்சிடுச்சி உங்களுக்கு."

காய்ந்து மொடமொடத்த துண்டு. சிவப்புக் கரை.

அப்படியானால் மெத்தைக்கு அடியில் இருப்பது?

போன மாதம் இதே பஸ், இதே இருக்கை. சுண்ணாம்புக் குழியில் விழுந்து வெந்துபோன கூலிக்காரன் முனிரத்தினத்தை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கூட வேலை செய்தவர்கள் அவன் துண்டையே போட்டு இடம் பிடித்திருந்தார்கள். "இவனை உள்ள ஏத்துனா சீட்டு பாழாயிடும்" என்று மேஸ்திரி துண்டை உருவி எறிந்தார். கூரைமேல், தோல் கட்டுகளுக்கு நடுவே, உச்சி வெயிலில் அவனைக் கிடத்தினார்கள். வேலூரில் இறக்கியபோது உயிர் இல்லை. தலைவிதி என்றார் மேஸ்திரி. தலைவிதிக்கு ஏணி வைத்து ஏற்றியது யார் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அவர் மெத்தைக்கு அடியில் கையை விட்டார். துண்டு வரவில்லை. இழுத்தார். உள்ளேயிருந்து அதை யாரோ பிடித்திருந்தார்கள்.

"சவுரி... எழுந்திரு. வேற எடத்துல உக்காரலாம்."

தோளில் இருந்த தலை அசையவில்லை. கனத்தது. ஈரமாகக் கனத்தது. அவர் சட்டை நனைந்து, தோள் எரிந்தது.

டொம்.

கூரையில்.

டொம். டொம்.

"என்னங்க..."

சவுரியம்மாளின் குரல். பக்கத்திலிருந்து இல்லை. மேலேயிருந்து.

"என்னங்க, எரியுதுங்க... தண்ணி..."

"நிறுத்து! டேய், வண்டிய நிறுத்து!"

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேல தட்டினா நிக்காத, ஓட்டிக்கினே போன்னு நீங்கதான மேஸ்திரி அன்னிக்கிச் சொன்னீங்க?"

வண்டி வேகம் பிடித்தது. எழ முயன்றார். முடியவில்லை. தோளில் சாய்ந்திருந்தது அவர் கையை இறுகக் கோத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, இன்னும் சௌகரியமாகப் படுத்தது. முக்காடு நழுவியது. மயிரில்லாத வெள்ளைத் தலை. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார். ஜன்னலையே பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே, கூரையிலிருந்து ஒரு கை தொங்கியது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. வெயிலில் அதன் தோல் வெந்து, முழங்கையிலிருந்து உறைபோல் உரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மட்டும் தண்ணீர் கேட்டு விரிந்தன, மூடின, விரிந்தன.