கொட்டகைக்கு ஒரு லைன்

கொழுந்தன் வந்து இறங்கியபோது மணி நாலுதான் இருக்கும். மழை மூட்டத்தில் தோட்டமே இருண்டு கிடந்தது. அவன் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் ஐம்பது கோழிக்குஞ்சுகள் குளிரில் கத்தித் தீர்த்தன.

"கொட்டகைக்கு லைன் இழுத்துடறேன் அண்ணி. ரெண்டு குண்டு பல்பு மாட்டினா சூடு வந்துடும்."

அவள் தலையாட்டினாள். கணவன் போய் ஏழு மாதம். அதே கொட்டகையில், ஒயரைப் பிடித்த கையோடு கிடந்தான். ஊருக்கெல்லாம் கரண்ட் வேலை பார்த்தவன் சொந்த வீட்டில் ஃபியூஸைப் பிடுங்க மறந்துவிட்டான் என்று ஊர் பேசியது. ஊர் வாய்க்கு மூடியா இருக்கிறது? யானைக்கும் அடி சறுக்கும் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவள் ஊமை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் குஞ்சுகளைக் கொட்டகைக்குள் விட்டான். பிறகு முன்னறைக்கு வந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அண்ணன் பழக்கம். யார் கையும் பட்டுடக் கூடாதுன்னு பையிலதான் வச்சுக்குவான். ஒருநாள்கூட மறந்ததில்ல. அன்னிக்கு மட்டும் எப்படி அண்ணி?"

அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் குஞ்சுகளின் சத்தம் மொத்தமாக நின்றது.

ரப்பர் கருகும் வாடை வந்தது.

பிறகு கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல், தீனி போடுகிறவன் கூப்பிடுவதுபோல மெதுவாக: "பா... பா... பா..."

அவள் ஓடினாள். கொழுந்தன் வெளியே ஏணி உச்சியில் நின்றிருந்தான்.

"நீங்களா தம்பி கூப்பிட்டீங்க?"

வாயில் கடித்திருந்த ஸ்குரூவை எடுத்துவிட்டு அவன் கிசுகிசுத்தான்.

"இல்ல அண்ணி. எனக்கும் கேட்டுச்சு."

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதமாக மறைத்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அவரு மறக்கல தம்பி. பிடுங்கிப் பையிலதான் வச்சிருந்தாரு. அன்னிக்கும் குஞ்சுங்க விறைச்சுச் சாகுதேன்னு பழைய ஃபியூஸ் ஒண்ண எடுத்து நான்தான் சொருகினேன். வேலை முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன்... அப்புறம் அவரு பையில இருந்ததையும் எடுத்து ஒளிச்சிட்டேன்."

கொழுந்தன் ஒவ்வொரு படியாக இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கவனமில்லாதவன்னு நானே அவனை எத்தனை பேர்கிட்ட திட்டியிருக்கேன்," என்றான். சேற்றிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனைத் தேற்ற அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தனியாகக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

பல்பு எரியவில்லை. ஆனால் ஐம்பது குஞ்சுகளும் ஒரே இடத்தில் அரைவட்டமாக ஒண்டித் தூங்கின. நடுவே ஒன்றுமில்லை. ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்த அளவுக்கு மரத்தூள் அழுந்தியிருந்தது.

அந்த இடத்துக்கு எதிரே அவள் மண்டியிட்டாள்.

"சொல்லிட்டேங்க. கொன்னதும் நான், பழி போட்டதும் நான்."



ஒரு குஞ்சு மட்டும் தரையைவிட்டு எழும்பியது. சிறகடிக்கவில்லை. நெஞ்சு உயரத்துக்கு வந்து, இருட்டில் மெல்ல அவளை நோக்கி நகர்ந்தது.

அவள் கையை நீட்டினாள்.

உள்ளங்கையில் வந்து அமர்ந்த குஞ்சு கதகதப்பாக இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த விரல்கள் ஐஸாய்ச் சில்லிட்டிருந்தன. அவை அவள் கையை விடவில்லை.