டீக்கடையில் முடியும் படம்

படம் முடிந்தபோது செண்பகவல்லியின் கைப்பட்டை சுவையெண் பதினேழு என்று காட்டியது. நூற்றுக்குப் பதினேழு. மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாள், முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். எண் அசையவில்லை. உள்ளே நெஞ்சு கனத்துக் கிடக்க, கையிலிருந்த பட்டை மட்டும் அவள் தூங்கி வழிந்ததாகச் சாதித்தது.

அந்தப் பட்டைக்குச் சுவைமானி என்று பெயர். தியேட்டருக்குள் நுழையும்போதே கையில் மாட்டிவிடுவார்கள். நாடியையும் வியர்வையையும் தோலின் சூட்டையும் படித்து, நாம் எவ்வளவு ரசித்தோம் என்று அது கணக்குப் போடும். வெளியே வரும்போது வாசல் பெட்டியில் கழற்றிப் போட வேண்டும். பெட்டியில் விழும்போது என்ன எண்ணோ அதுதான் தீர்ப்பு. காலைக் காட்சியின் சராசரி ஐம்பதைத் தொடாவிட்டால் மாலைக் காட்சிக்கே படத்தைத் தூக்கிவிடுவார்கள். கூலிக்குப் புகழ்கிறவனும் வயிற்றெரிச்சலில் திட்டுகிறவனும் இதனால் ஒழிந்தார்கள் என்பது உண்மை. கூடவே பேச்சும் ஒழிந்தது. படம் எப்படி என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதே பாளையங்கோட்டையில் வழக்கமாகிவிட்டது.

செண்பகவல்லி தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு விடுப்பு எடுப்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சேவியரும், கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற பால்வண்ணன் அண்ணாச்சியும் அவளுடைய கூட்டாளிகள். ஒரு காலத்தில் படம் விட்டதும் மூவரும் போடும் சண்டையில் டீக்கடைக்காரர் பால் ஊற்ற மறந்துவிடுவார்.

அன்று பார்த்தது ஒரு புது இயக்குநரின் படம். ஊரையே ஏமாற்றிவிட்டு ஓடிய மகன் பல வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள். அவன் தட்டுகிறான், அவள் அரிகிறாள். அத்துடன் திரை இருண்டுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் செண்பகவல்லி கல்லாய்ச் சமைந்துபோயிருந்தாள். வியர்க்கவில்லை, நாடி துள்ளவில்லை. சுவைமானிக்கு அது தூக்கம்.

"வல்லி, எவ்வளவு?" என்றான் சேவியர், வாசலை நோக்கி நடந்தபடி.

"பதினேழு. ஆனா படம் எனக்குப் புடிச்சிருக்கு."

"பதினேழு வாங்கிட்டுப் புடிச்சிருக்குன்னு சொல்லுதா. கேட்டீயளா அண்ணாச்சி?"

"என் மனசு எனக்குத் தெரியாதாக்கும்? சாயங்காலம் இந்தப் படத்தத் தூக்கிருவாங்க. என் நம்பரயும் கணக்குல சேத்துத்தான் தூக்குவாங்க. அத நெனச்சாத்தான் ஆத்திரமா வருது."

"தூக்கட்டும் தாயி," என்றார் அண்ணாச்சி. "பெத்தவ கதவத் தொறக்காம இருப்பாளா? எந்த ஊர்ல நடக்கும் இது?"

அங்கேதான் பொறி விழுந்தது. "ஏன் தொறக்கணும்?" என்று திரும்பினாள் செண்பகவல்லி. " அவன் ஓடிப்போயிட்டான். இத்தன வருசமும் ஊர்க்காரங்க மூஞ்சில முழிச்சது யாரு? அவதான?"

"அக்கா சொல்லுதது சரி," என்றாள் பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒரு பெண். அவளுடைய கணவர், அம்மா செய்தது பாவம் என்றார். கூட்டமே ஒரு டஜன் பேர்தான். அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, வாதாடிக்கொண்டே பெட்டியைக் கடந்து, தெருவைக் கடந்து டீக்கடைக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் பட்டை இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை.

"தொறக்கக் கூடாதுன்னா, ரெண்டாவது தட்டுக்கு அவ கத்தி ஏன் நின்னுச்சு?" என்றான் சேவியர்.

"நின்னுச்சா?" செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. அப்படியானால் அந்தத் தாய் எழுந்திருக்கத்தான் நினைத்தாளா? படம் அவளுக்குள் மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. கண்ணில் நீர் முட்டியது. அழுதுகொண்டே சேவியரைத் திட்டினாள்.

தியேட்டர் மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பட்டையக் குடுக்காம வந்துட்டீங்களே. உள்ள மெஷின்ல எண்ணு ஏறிக்கிட்டே போவுது. படம் எப்பவோ முடிஞ்சுட்டு. மெஷின் பழுதுன்னுல்லா நெனச்சேன்."

செண்பகவல்லி கையைப் பார்த்தாள். எண்பத்தொன்பது.

"பழுதில்ல சார்," என்றாள். "படம் இன்னும் முடியல."

அன்று மாலைக் காட்சி நடந்தது. தானே தேர்தலில் ஜெயித்ததுபோல அவள் கால் தரையில் பாவவில்லை. சேவியர் கடையிலிருந்த வடை முழுவதையும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தான். செய்தி பரவி, மற்ற ஊர்களிலும் ரசிகர்கள் பட்டையோடு டீக்கடைக்குப் போனார்கள். தூக்கப்பட இருந்த படம் ஐம்பது நாளைத் தாண்டி ஓடியது. சுவைமானி நிறுவனமும் இறங்கி வந்தது. படம் முடிந்தபின் டீ நேரம் என்று ஒன்றை அறிவித்து, பெட்டியைத் தியேட்டர் வாசலிலிருந்து டீக்கடை வாசலுக்கே மாற்றியது. ஊர் மறுபடியும் வாயைத் திறந்தது. பாளையங்கோட்டையில் சினிமாச் சண்டை போடாத தெருவே இல்லை என்றானது. செண்பகவல்லிக்கு அந்த இரைச்சல் கோயில் மேளம்போல இனித்தது.

அதே இயக்குநரின் அடுத்த படம் வந்தது. மூவரும் கண் கலங்கி வெளியே வந்தார்கள். டீ வந்தது.

"நல்லாருக்கு," என்றார் அண்ணாச்சி.

"ரொம்ப," என்றான் சேவியர்.

செண்பகவல்லி தலையாட்டினாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. சுற்றிலும் அதே கதைதான். எல்லோரும் நிறைந்த மனதோடு அமைதியாக டீ குடித்தார்கள். பட்டைகளில் எண் இறங்கத் தொடங்கியது. ஐம்பதுக்குக் கீழே போனது, நாற்பதுக்கும் கீழே போனது. மேலாளர் பெட்டியின் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். இவ்வளவு நல்ல படம் மாலைக்குள் போய்விடும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"படமா இது? சுத்தக் குப்ப. அந்தக் கதாநாயகிப் பிள்ளைக்கு நடிக்கவே வரல."

சேவியர் வாயைப் பிளந்தான். செண்பகவல்லி அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன சொன்னீய அண்ணாச்சி? இன்னொரு தடவ சொல்லுங்க, பாப்போம்."

அவர் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றார். மனிதர் வாய் பொய் பேசும் என்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பட்டை, அண்ணாச்சியின் கையில் எழுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது.