கல் போட்டாச்சுங்க

டிராக்டர் மட்கார்டில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். உள்ளங்கையால், தப், தப் என்று. பிரேக்கின் மேலிருந்த சுப்புராஜின் வலது கால் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டது. வீட்டில் தன்னைத் தவிர ஆள் கிடையாது என்பது அதன்பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பூம்பாறைக்கு மேலே மூன்று வளைவு தாண்டி, மண்பாதை முடிகிற இடத்தில் அவர் வீடு. அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள தைலமரங்கள்தான் இருந்தன. கீழ்க்காட்டில் பிடுங்கிய கேரட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, செங்குத்து ஏற்றத்தில் திணறித் திணறி மேலே வந்து, சரிவான வாசலில் வீட்டுச் சுவருக்கு இரண்டு முழம் இருக்கும்போது டிராக்டரை நிறுத்துவார். ஆனால் இன்ஜினை உடனே அணைக்க மாட்டார். "ஏத்தம் ஏறி வந்த வண்டிய சடக்குன்னு ஆஃப் பண்ணிராதீங்கண்ணே. டர்போ கொதிச்சுப்போய்க் கெடக்கும், எண்ணெ ஓட்டம் நின்னா கருகிரும். அஞ்சு நிமிசம் சும்மா ஓட விட்டு, சூடு எறங்குனப்பெறகு நிறுத்துங்க" என்று மெக்கானிக் வேலுமணி வண்டி வாங்கிய அன்றே சொல்லியிருந்தான்.

அந்த ஐந்து நிமிடத்தில் வேறொரு சோலியும் நடக்கும். பிரேக்கை மிதித்துப் பூட்டுகிற கொக்கி தேய்ந்துபோன பழைய வண்டி அது. சரிவில் பாரத்தோடு நின்றால் கியரும் தானாக நழுவிவிடும். அதனால் இன்ஜின் ஓடுகிற வரைக்கும் அவர் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். அடுப்படியில் இருக்கும் அவர் மனைவி சிவபாக்கியம் சத்தம் கேட்டு வெளியே வருவாள். சுவரோரம் கிடக்கும் உடைந்த அம்மியின் பாதியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், பெரிய சக்கரத்துக்கு அணை கொடுப்பாள். மட்கார்டில் இரண்டு தட்டு. "போட்டாச்சுங்க, காலை எடுங்க" என்பாள். பதினோரு வருடம் இப்படித்தான். சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாத நாளில்கூட அந்த இரண்டு தட்டு உண்டு.

பிசகியது ஒரே ஒரு நாள்தான், போன ஐப்பசியில். கொட்டுகிற மழை, நனைந்த சட்டை, காலையிலிருந்தே யார்மேல் என்று தெரியாத எரிச்சல். ஐந்து நிமிடமாவது மண்ணாங்கட்டியாவது என்று, வந்ததும் வராததுமாகக் கியரைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தார். பாக்கியம் எப்போதும்போலக் கல்லோடு பின்னால் போய்க் குனிந்திருந்தாள். கியர் நழுவியது. அதற்குமேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை.

பத்து மாதம் கழித்து இப்போதுதான் வண்டியை மறுபடி எடுத்திருந்தார். பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுக்க ஒரு தைலமரக் கட்டையை அளவெடுத்து வெட்டி வைத்திருந்தார். அதை எடுக்கக் குனிந்தபோதுதான் அந்தத் தட்டு கேட்டது.

சாயங்காலம் ஆறு மணிகூட ஆகவில்லை. ஆனால் பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி தைலமரங்களை விழுங்கி, டிரெய்லரை விழுங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. புகைபோக்கியின் கரிநாற்றமும் சுட்ட இரும்பின் வாடையும் ஈரமண் ஒட்டிய கேரட் தழையின் பச்சை வாசமும் கலந்து மூக்கில் ஏற, இன்ஜின் சத்தத்துக்கு அடியில் வேறேதும் சத்தம் இருக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். ஒன்றும் இல்லை. கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் பின்னால் போனார். உடைந்த அம்மி சக்கரத்துக்கு அணையாக, நறுவிசாக வைக்கப்பட்டிருந்தது.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. மறுநாளும் தட்டு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

பயம் ஒருபுறம் இருக்கட்டும். உலை வைத்தால் ஒருபிடி அரிசி, சோறு போட்டால் ஒற்றை வட்டில், இருமினால் ஏனென்று கேட்க நாதியில்லை என்று பத்து மாதம் கிடந்த மனுஷனுக்கு, யாரோ தன் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார்கள் என்பது சாமானியமான விஷயமா? நாலாம் நாள் அவர் காலையிலேயே கல்லைப் பழைய இடத்தில், சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் தட்டுக் கேட்டதும், திரும்பிப் பார்க்காமல் காலை எடுத்தார். வண்டி அசையாமல் நின்றது. "பாக்கியம்" என்று மெல்லச் சொன்னார், அழுகையும் வந்தது. வீட்டுக்குள் போய், முட்டுக்கட்டையை அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டுக் குளித்தார்.

வேலுமணி போன் பண்ணினான். "அண்ணே, ஒங்க வண்டிக்குப் பிரேக் கொக்கி வந்திருச்சு. வெரசா வாங்க, மாட்டி விட்டுர்றேன்."

"அடுத்த வாரம் பாப்பம்ப்பா. இப்பச் சோலி கெடக்கு" என்றார் சுப்புராஜ். கொக்கி மாட்டிவிட்டால் கல்லுக்கு வேலை இல்லை. கல்லுக்கு வேலை இல்லையென்றால் அவள் எதற்கு வருவாள்?

ஒரு மாதம் போனது. தட்டு வருவதற்குத் தாமதமாகத் தொடங்கியது. ஐந்து நிமிடம் பத்தாகி, பத்து இருபதாகியது. இன்ஜின் எப்போதோ ஆறிவிடும், ஆனாலும் அவர் அணைக்காமல் உட்கார்ந்திருப்பார், கெண்டைக்கால் இறுகி வலிக்கும். காலையில் பார்த்தால் சுவரிலிருந்து சக்கரம் வரைக்கும் கல்லை இழுத்துக்கொண்டு போன தடம் மண்ணில் கிடந்தது. நடுநடுவே பள்ளமாக, வைத்து வைத்து இளைப்பாறிய இடங்கள். அவளால் தூக்கமுடியவில்லை என்று சுப்புராஜுக்குப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் மகள் புவனா வருவதாகச் சொன்னாள். திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறவள். அம்மாவின் காரியம் முடிந்து போனவள் அப்பா முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் விடுதியிலேயே இருந்துவிட்டாள். வியாழக்கிழமை மதியம் போன் பண்ணி, "அப்பா, கொடைக்கானல்ல பஸ் ஏறிட்டேன். நீங்க காட்டுலயே இருங்க, நான் வீட்டுக்குப் போயிக்கிறேன்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை.

"சரி தாயி. வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் வெளிய வந்துராத. அடுப்படியிலயே இரு."

"ஏம்ப்பா?"

"சொன்னாக் கேளு."

அன்றைக்கு மட்டும் வண்டியைக் கீழ்க்காட்டிலேயே போட்டுவிட்டு நடந்து வந்திருக்கலாம். அவருக்கு அது தோன்றாமலும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே வாசலில் இருக்கட்டும், ஒரு ஐந்து நிமிடமாவது இருக்கட்டும் என்ற ஆசை அவரைத் தின்றது. பாரத்தோடு ஏறினார்.

மூடுபனி அன்று வழக்கத்தைவிடக் கனமாக இறங்கியிருந்தது. சுவர் எங்கே என்பதே ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகக் கலங்கித் திரும்புவதை வைத்துத்தான் தெரிந்தது. நிறுத்தினார். பிரேக்கை அழுத்தி மிதித்தார். இன்ஜின் தடதடவென்று மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி ஜன்னலில் விளக்கு எரிந்தது, யாரோ இருக்கிற வீடாக அது தெரிந்ததும் மனசு நிறைந்துபோனது. பத்து நிமிடம். இருபது நிமிடம். தட்டு வரவில்லை. கெண்டைக்கால் நரம்பு இழுத்தது.

கதவு திறந்தது. கையில் போன் வெளிச்சத்தோடு புவனா வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா, எம்புட்டு நேரமா வண்டிய ஓட விட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"உள்ள போ தாயி."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, டிரெய்லர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. பயம் இல்லை அதில். பயந்திருந்தால் தேவலை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வைத்திருந்த சின்னப்பிள்ளை முகம் அது.

"அப்பா, அம்மா நிக்குறாங்க."

"புவனா. இங்க வா. எனக்கு முன்னால வந்து நில்லு."

"கனமா இருக்காம்ப்பா. ஒரு கை பிடிக்கச் சொல்றாங்க."

அவள் நடந்தாள். வண்டியை ஒட்டி, அவர் நீட்டிய கைக்கு ஒரு விரல் தள்ளிக் கடந்து, பின்னால் போனாள். போன் வெளிச்சம் பெரிய சக்கரத்துக்கு அந்தப்பக்கம் தாழ்ந்து, அணைந்தது.

இறங்கக்கூடாது. காலை எடுத்தால் வண்டி போய்விடும். கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார், சுவரில் மோதினாலும் மோதட்டும் என்று. கியரின் பல் உரசியது. நழுவியது. மறுபடி தள்ளினார். மறுபடி நழுவியது. கை சீட்டுக்கு அடியில் கட்டையைத் தேடியது. கட்டை சாம்பலாகி ஒரு மாதம் ஆகிறது.

"புவனா!"

பின்பக்கமாகத் திரும்பிக் கத்தினார்.

"பாக்கியம், அவ பச்சப்புள்ள. நாந்தான் பண்ணினேன். நான். அவள விட்ரு."

தப், தப்.

இடது மட்கார்டில். பழகிய உள்ளங்கை.

தப், தப்.

வலது மட்கார்டில். சின்னக் கை.

"போட்டாச்சுங்க, காலை எடுங்க" என்றது ஒரு குரல். "போட்டாச்சுப்பா" என்றது இன்னொன்று. இரண்டிலும் ஒரே நிதானம்.

தொடை ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்தார். அப்போது காற்றடித்து மூடுபனி கொஞ்சம் விலகியது. ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் நேராக விழுந்தது. சுவரோரம், காலையில் அவர் வைத்த இடத்தில், வைத்த வாக்கில், உடைந்த அம்மி கிடந்தது. அதை யாரும் தொடவே இல்லை.

கால் ஒரு கணம் தளர்ந்தது. ஒரே கணம். வண்டி ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. பிறகு, பிரேக் இல்லாமலே நின்றது. பெரிய சக்கரம் மெத்தென்று எதிலோ சாய்ந்திருந்தது.

அவர் மறுபடி மிதித்தார். பலம்கொண்ட மட்டும் மிதித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"காலை எடுங்கப்பா" என்றது மண்ணோடு மண்ணாக, சக்கரத்துக்கு அடியிலிருந்து.