மனித நேரம்: பூஜ்யம்

தூத்துக்குடி விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்து முடித்ததும் மணிக்கட்டைச் சோதிப்பார்கள். தனியாக வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் அதற்கான வரிசையில் நிற்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு முன்னால் நின்றவர் கொட்டாவி விட்டபடியே கையை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது, போய்விட்டார். ஜெசிந்தா நீட்டினாள். சிவப்பு எரிந்தது.

மணிக்கட்டில் இருந்தது துணைமானி. நம்மோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுகிறவர் மனிதரா, நகலியா என்று பார்த்துக் கணக்கு வைக்கிற வளையம். நகலிகள் வந்த பிறகு, வந்த விருந்தாளியோடு உட்கார்ந்திருக்கும் வேலை பலருக்குக் குறைந்துவிட்டது. தங்கள் முகமும் குரலும் கொண்ட இயந்திர நகலியை உட்கார வைத்துவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்த்தார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நகலிகளோடு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர்களால் வீட்டு மனிதர்களைச் சகிக்க முடியவில்லை. குடும்பங்கள் உடைந்தன. அதனால் சட்டம் வந்தது. மனித நேரம் போதாமல் திரும்புகிறவர்களின் நினைவிலிருந்து நகலி நாட்களை நீக்கிவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். வலிக்காது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அதிகாரியின் பெயர் தனிஸ்லாஸ். நடுவயதுக்காரர், கடுமையானவர் அல்ல. அவளை அறைக்குள் உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பூஜ்யம்னு காட்டுதும்மா. ஏழு மாசத்துல ஒரு நிமிஷம்கூட இல்ல."

அவள் கருவி பழுதாகியிருக்கும் என்றாள். அவர் வேறொரு வளையத்தை மாட்டி, பழையதில் பதிந்திருந்ததை அதற்கு மாற்றிப் பார்த்தார். பூஜ்யம்தான்.

எங்கெல்லாம் தங்கினாள் என்று கேட்டார். ஒஸ்லோவில் கதீஜா, பிறகு ஹாலிஃபாக்ஸில் செண்பா. இருவரும் கல்லூரியில் ஒரே ஆய்வகத்தில் அவளோடு நின்றவர்கள். அவ்வளவாகப் பேசத் தெரியாத ஜெசிந்தா, வாழ்க்கையில் வாயைத் திறந்து பேசியதே அந்த இரண்டு பேரிடம்தான். அதற்காகத்தான் ஏழு மாதச் சம்பளமில்லா விடுப்பில் கடல் தாண்டிப் போனாள்.

"ரெண்டு பேருமே நகலிய உக்கார வச்சிட்டாங்க போல. இப்போ எல்லாரும் செய்றதுதான். மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றார் தனிஸ்லாஸ்.

நீக்கும் அறை பக்கத்திலேயே இருந்தது. கதவு திறந்து மூடும்போது ஒரு சாய்வு நாற்காலியும் வெள்ளைத் தலைக்கவசமும் தெரிந்தன. உள்ளே போன இளைஞன் ஒருவன் வெளியே வந்து, தன் கையிலிருந்த பையையே யாருடையது என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெசிந்தா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கதீஜாவை நினைத்துப் பார்த்தாள். பிரிந்துபோன கணவனைப் பற்றி இவள் ஒரே கதையை எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பது போலவே கேட்டாளே. பேச்சு சுவாரசியத்தில் அடுப்பிலிருந்த கஞ்சி அடிப்பிடித்துப் போனதே. நகலி கஞ்சியைத் தீய விடுமா? அதைச் சொன்னபோது, இப்போது வரும் நகலிகள் அதையும் செய்யும், இயல்பாக இருப்பதற்காக அப்படிப் பழக்கியிருக்கிறார்கள் என்றார் அதிகாரி.

செண்பா? பனி கொட்டிய ஒரு மதியம், இவள் அழுது முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்திலேயே இருந்தாள். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கும்? அந்தக் கேள்வியோடு ஜெசிந்தாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழிப்பதற்கு முன்பே நாட்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருந்தன.

"இது எப்படிக் கண்டுபிடிக்குது?" என்று கேட்டாள்.

தனிஸ்லாஸ் விளக்கினார். இந்தக் காலத்து லட்சக்கணக்கான குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்து, அதை வைத்துத்தான் துணைமானியைப் பழக்கினார்களாம். எதிரில் இருப்பவரின் கண்ணை அது கவனிக்கும். மனிதர் என்றால் பேச்சின் நடுவே பார்வை, விழியில் செய்திகளைக் காட்டும் கண்சில்லுக்குப் போகும், கருவிழியில் நீலப் புள்ளி எரியும். பதில் தாமதமாக வரும். இப்போதுதான் சொன்னதைத் திரும்பக் கேட்பார். இவை எதுவுமே இல்லாமல் ஒருவர் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் அது நகலி. மனிதரால் முடியாது.

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இவள் ஒஸ்லோவில் இறங்கிய அன்றே கதீஜா தன் கண்சில்லைக் கழற்றிச் சீனி டப்பாவுக்குள் போட்டிருந்தாள். நீ போகும்வரை இது எனக்கு எதற்கு என்றாள். செண்பாவும் கழற்றினாள். வெட்கப்பட்டுக்கொண்டு இவளும் தன்னுடையதை அணைத்துவிட்டாள், இன்னும் திரும்ப இயக்கவில்லை.

"சார், அவங்க நகலி இல்ல. எனக்காகக் கண்சில்லக் கழட்டி வச்சிட்டாங்க. அதனாலதான் இது தப்பாச் சொல்லுது."

தனிஸ்லாஸின் கருவிழியில் நீலம் மின்னியது. ஏதோ படித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். சற்றுப் பொறுத்து, "என்னம்மா சொன்னீங்க?"

வளையத்தில் பூஜ்யம் போய் ஒரு நிமிடம் என்று வந்தது.

அவள் திரும்பவும் சொன்னாள். அப்படி யாரும் கழட்ட மாட்டார்கள் என்று அவர் சிரித்தார். விதியில் ஒரே ஒரு வழி இருந்தது. ரத்த உறவு ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்து, அளவு கால் மணி நேரத்தைத் தொட்டால், இவளுக்கு மனிதர் பழக்கம் விட்டுப்போகவில்லை என்று எழுதி அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் நீக்கும் அறைக்கு அடுத்த ஆள் இவள்தான்.

அக்கா ரெஜினா வெளியே காத்திருந்தாள். உள்ளே வரும்போதே இரு கண்ணிலும் நீலம். தங்கையைக் கட்டிப்பிடித்தாள், தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தாள், உட்கார்ந்தாள்.

"மெலிஞ்சிட்டியேட்டி. சாப்பிட்டியா?" பதில் வருவதற்குள் கையைக் காட்டி, "ஒரு நிமிஷம் இரு."

"அக்கா, நான் கதீஜா வீட்ல இருந்ததெல்லாம் அழிக்கப் போறாங்க."

"ம்ம். அழிக்கட்டும், அழிக்கட்டும்." நீலம் மின்னியது. "எதை?"

வளையத்தில் எண் ஓடத் தொடங்கியது. ரெஜினா சாப்பிட்டியா என்று இன்னொரு முறை கேட்டாள். விமானம் எத்தனை மணிக்கு வந்தது என்று மூன்று முறை கேட்டாள். ஜெசிந்தா எண்ணையும் பக்கத்து அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அதிகாரி அடுத்தவரின் கோப்பைப் பார்த்து முடிப்பதற்குள் பச்சை எரிந்தது.

"சுத்தமான மனுஷி உங்க அக்கா" என்று பாராட்டி, வளையத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

கார் தானாக உப்பளங்களின் ஓரமாக ஓடியது. கதீஜாவும் செண்பாவும் ஜெசிந்தாவுக்குள் பத்திரமாக இருந்தார்கள். நிஜமாகவே இருந்தார்கள்.

ரெஜினா அலுவலகத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜெசிந்தா ஒஸ்லோவில் பழகிக்கொண்டது போல உடம்பைத் திருப்பி, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பெறவு என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்த மேலாளர் போன வருஷமும் இதையேதானே செய்தார் என்று நினைவுபடுத்தினாள். ரெஜினாவின் பேச்சு மெதுவானது. கண்ணில் நீலம் அணைந்தது. நின்றேவிட்டது பேச்சு.

"என்னட்டி அப்படியே பாத்துக்கிட்டு இருக்க?"

"நீ சொல்லுத, கேக்கேன்."

ரெஜினா கதவோரமாக நகர்ந்தாள். பதிவில்லாத நகலியைப் பற்றிப் புகார் சொல்லும் பொத்தான் எல்லாக் காரிலும் உண்டு. அவள் விரல் அதன் மேல் போய் நின்றது. அந்தப் பொத்தானை அழுத்தினால் கார் எங்கே திரும்பிப் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

"நெசமாச் சொல்லு. நீதானா? இல்ல அங்கயே இருந்துக்கிட்டு நகலிய அனுப்பிட்டியா?"

சின்ன வயதில் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லலாம் என்று ஜெசிந்தா நினைத்தாள். நகலியும் அதைத்தான் செய்யும். அக்காவின் விரல் அழுந்தத் தொடங்கியது.

ஜெசிந்தா கண்ணை இரண்டு முறை அழுத்தி மூடித் திறந்தாள். அணைத்திருந்த கண்சில்லு எரிய, ஏழு மாதச் செய்திகள் விழிக்குள் கொட்டின. யாரோ புதுச் சேலை கட்டியிருந்தார்கள், யாரோ தோசை சுட்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள்.

"ம்ம்" என்றாள். பிறகு, "என்ன கேட்ட?"

ரெஜினா மூச்சை விட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"நீதாம்ட்டி" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தன் கண்ணுக்குள் திரும்பிப் போனாள்.