இரவல் காற்று

காற்றின் மாசை அளக்கும் அந்தப் பெண் நிபுணர் உள்ளே வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை. "என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்க சார்," என்றார்.

துப்பறிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொதித்தது, அவருக்குத் துணையாக இருந்த மைத்துனன்தான். "யாரு சொன்னா?"

சொன்னவர் காப்புக்காட்டின் அதிகாரி. நுழைவாயிலில் பேருந்துகள் நிற்கும் இடத்தை ஒட்டி அந்தப் பெண் ஒரு கருவியை வைத்திருந்தார். புகை ஏறிக்கொண்டே போவதால் வண்டிகளைக் குறைக்கச் சொல்லி வந்தார். போன வாரம் திடீரென்று கருவி சுத்தமான காற்றைக் காட்டத் தொடங்கியது. இதுவரை சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று எல்லார் முன்னிலையிலும் ஏசிய அதிகாரி, அவரை இடம் மாற்றிவிட்டார். காட்டின் நடுவே பேருந்துகளுக்குப் புதுப்பாதை திறப்பதை அன்று கூட்டத்தில் அறிவிக்கப்போகிறார்.

"பெட்டியோட பூட்டு?"

"அப்படியே இருக்கு. சாவி என்கிட்ட மட்டும்தான்."

"உறிஞ்சற காத்தோட ஈரப்பதம், வெப்பம் எல்லாம் காட்டுமா?"

அவர் கைப்பேசியை நீட்டினார். துப்பறிவாளர் நிதானமாகப் பார்த்தார். "இந்த வாரம் அங்க மழையா?"

"விடாத தூறல். பனிமூட்டம் வேற."

"கிளம்புங்க."

நுழைவாயிலில் பேருந்துகள் என்ஜினை அணைக்காமல் வரிசைகட்டி நின்றன. சீட்டுக் கொடுக்கும் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஓரத்து மரங்களின் இலைகளில் கரி அப்பியிருந்தது. மைத்துனன் ஓர் இலையைத் தேய்த்துப் பார்த்தான்; விரல் கறுத்தது. காடு பார்க்க வந்து காட்டுக்கே புகைபோடுகிறார்களே!

கருவிப் பெட்டி கூட்ட அறையின் வெளிச்சுவரில் பதிந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்து வந்த மைத்துனன் சொன்னான்: "ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு அத்தான். புது ஏசி, காத்தைச் சலிக்கற மெஷின், இந்தச் சுவர் பக்கம் ஒரு பெரிய அலமாரி. எல்லாம் பேருந்து ஒப்பந்தக்காரர் அன்பளிப்பாம்."

மூவரும் உள்ளே போனார்கள். கூட்டத்தில் அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் இருந்தார்கள்.

"கருவியில யாரோ கைவெச்சிருக்காங்க," என்றார் துப்பறிவாளர்.

"பூட்டு உடையலியே," என்றார் அதிகாரி.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "இத்தனை பேர் நடமாடற இடத்துல எவன் சார் சுவரைக் குடைவான்?"

"கருவின்னுதான் சொன்னேன். சுவர்னு நான் சொல்லவே இல்லையே?"

சிரிப்பு நின்றது.

"வெளிய ஒரு வாரமா தூறல். கருவி உறிஞ்சினது வறண்ட காத்து. காலையோ மதியமோ, ஒரே குளிர். பூட்டைத் தொடாம அப்படி ஒரு காத்து உள்ள வரணும்னா, அது இந்த அறையிலேர்ந்துதான் வரணும். மாப்ளே, அலமாரியை நகர்த்து."

பின்னால் சுவரில் ஒரு துளை. அதன் வழியே ஒரு ரப்பர் குழாய் பெட்டியின் முதுகுக்குள் போயிருந்தது.

ஒப்பந்தக்காரர் கதவுப் பக்கம் நகர்ந்தார். அதிகாரி, "சத்தியமா எனக்குத் தெரியாது," என்றார்.

"தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தீங்க," என்றார் அந்தப் பெண். "ஜன்னலைத் திறந்து ஒரு மூச்சு இழுத்திருந்தா போதும். அதுகூட முடியாம என்னைப் பொய்க்காரின்னீங்க."

குழாயைப் பிடுங்கிப்போட்டு, ஜன்னலை அகலத் திறந்தார். டீசல் புகை அறைக்குள் புகுந்தது. இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தப் போன அதிகாரியை மைத்துனன் மறித்தான். "கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார். வாசல்ல வேலை செய்யறவங்க தினமும் இதைத்தான் சுவாசிக்கறாங்க."

கண்ணில் நீர் வழிய அதிகாரி வனக்காவலர்களைக் கூப்பிட்டார். போலீஸ் வரும்வரை ஒப்பந்தக்காரரை எங்கும் விடக் கூடாது, புதுப்பாதை கிடையாது என்று உத்தரவிட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்க இடமாற்றம் ரத்தும்மா," என்றார்.

"வெளிய வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார்."

வண்டிகளின் நடுவே நின்று, அந்தப் பெண் சொன்னதெல்லாம் உண்மை என்று அதிகாரி சொன்னார். என்ஜின் இரைச்சலில் ஒரு சொல்லும் எடுபடவில்லை.

"கேக்கலை சார்," என்றார் அந்தப் பெண்.

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக என்ஜினை அணைத்தார்கள். கடைசி வண்டியும் அடங்கிய பிறகு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.