அடியில் கிடக்கும் படம்

சோலைமுத்துவின் இடது காதைக் காணவில்லை.

சின்னாளப்பட்டி விலக்கில் டிப்பர் லாரிக்கு அடியில் போன மனுசன். அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வந்த மகன் ஈஸ்வரன், மாதிரித் தாளைக் குழல்விளக்கின் கீழே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வெளியே தூறல். காற்று திரும்பியிருந்ததால் தோல் பதனிடும் ஷாப் வாடை கடைக்குள் வந்து, பக்கத்துக் கடை பிரியாணித் தம் வாசனையோடு கலந்து நின்றது.

"அக்கா, அப்பாவுக்குக் காது அந்துபோனது ஆசுபத்திரிக்குள்ள போன எங்களுக்குத்தான் தெரியும். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அன்னாள் தாளை வாங்கினாள். அவன் கொடுத்தது கோயில் கிடாவெட்டில் எடுத்த படம். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார், இரண்டு காதும் இருக்கின்றன. தாளிலும் அதே சிரிப்புதான். ஆனால் இடது பக்கம் காது இருக்க வேண்டிய இடத்தில் பிய்ந்த சதை தொங்கிக்கொண்டிருந்தது.

"மெஷின் பழசு தம்பி, என்னத்தையோ துப்புது" என்று சமாளித்து இன்னொரு தாள் எடுத்தாள். அது சரியாக வந்தது. ஈஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி மழைக்குள் போனான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில் அன்னாள் கணினியில் வடிவமைப்பாள். அவள் கணவன் பிராங்கிளின், தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம், அச்சாகி வந்த ஃப்ளெக்ஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஆணி அடிப்பான். அன்றைக்கு ஒரு புதுமனை புகுவிழா பேனர். டொக், டொக் என்று சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. பயந்த நேரத்தில் அந்தச் சத்தம் அவளுக்குப் பெரிய துணை.

கணினியோ கடை திறந்த அன்று வாங்கியது. அதில் இருக்கும் விண்டோஸும் அந்தக் காலத்தது. ஊரெல்லாம் புதுசுக்குப் போன பிறகும் அன்னாள் போகவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில்தான் அவள் விரல் ஓடும், பழைய டிசைன் மென்பொருளில்தான் கை வரும். புதுசு ஏற்றினால் இரண்டும் வேலை செய்யாது என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சாவு பேனர் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே ஃபைல்தான், புதுசு ஏற்றினால் அது போய்விடும். போன சாவின் ஃபைலைத் திறப்பாள், பேரை மாற்றுவாள், பழைய முகத்தின் மேலேயே புது முகத்தை வைப்பாள். பழையதை அழிக்க மாட்டாள். செத்தவர் முகத்தை அழிக்கக் கூடாது, மண் தள்ளுகிற மாதிரி மூடத்தான் வேண்டும் என்பது தொழிலுக்கு வந்த நாளாக அவள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அப்படி ஒருவர்மேல் ஒருவராக ஊர்ச் செத்தவர்கள் எல்லோரும் அந்த ஃபைலுக்குள் படுத்திருந்தார்கள். எல்லோருக்கும் அடியில் கிடந்தது பிராங்கிளின். முதன்முதலில் முகம் வைக்கும் வட்டத்தின் அளவு பார்க்கக் கைக்குக் கிடைத்தது அவன் படம்தான். "கலியாணம் ஆன சூட்டோட என்னையப் பொணமாக்கிட்டியேடி" என்று அன்றைக்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த சாவு வந்தது. அவன்மேல் ஒருவரை வைத்து மூடினாள்.

இப்போது சோலைமுத்துவின் படத்தை மறைத்துவிட்டு அடியில் இருந்ததைப் பார்த்தாள்.

மாயக்காள். தாலிச் செயினுக்காக அரிவாளால் கழுத்தறுக்கப்பட்டவள். அன்னாள் வைத்தது அவள் பட்டுச்சேலை கட்டிச் சிரிக்கும் படம். அந்தச் சிரிப்புக்குக் கீழே தொண்டை திறந்து கிடந்தது. அதற்கும் அடியில், சிலிண்டர் வெடித்துச் செத்த ஒரு மாணவி, ஒரு பக்கக் கன்னம் கருகி, பல் தெரிந்தது. அதற்கும் அடியில், பட்டப்பகலில் வெட்டப்பட்ட ஒருவன், நெற்றி இரண்டாகப் பிளந்திருந்தது. யாருக்கும் அவள் வைத்த படம் இல்லை. செத்த நேரத்து முகங்கள். நல்ல படத்தைக் கொடுத்துக் காயத்தை மூட முடியாது போலும்.

ஒவ்வொன்றாக மறைத்து அடிவரைக்கும் போனாள். பிராங்கிளின் முகத்தில் காயம் இல்லை. ஆனால் அவள் வைத்த படத்தில் கண்கள் திறந்திருந்தன. இப்போது இறுக்கி மூடியிருந்தன. அடி விழப்போகிறது என்று தெரிந்தவன் மூடுவது போல.

உடனே மன்சூருக்குப் போன் போட்டாள். அந்தத் தெருவுக்கே கணினி பழுது பார்ப்பவன். வந்து உட்கார்ந்து, கணினிக் கூட்டைத் தட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லக்கா, படம் காட்டுற கார்டு போயிருச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நிக்கிறீங்க. கார்ட மாத்திட்டுப் புது விண்டோஸ் ஏத்திரலாம். ஆனா இந்த ஃபைலு இம்புட்டுக் கனமா அதுல தொறக்காது. மொத்தமா அழிச்சுரவா?"

"அய்யோ, வேணாம்!"

அவள் கத்தியதில் சுத்தியல் நின்றது.

"ஏங்க, ஒங்க படம் அதுக்குள்ள கெடக்குங்க" என்றாள் தடுப்புத் திரையைப் பார்த்து.

"கெடக்கட்டும்டி, அதனால நான் செத்தா போயிட்டேன்?" பிராங்கிளினின் சிரிப்பு கேட்டது. "ஏத்தச் சொல்லு. எத்தன காலத்துக்கு அந்த ஓட்ட டப்பாவக் கட்டிக்கிட்டு அழுவ?"

மறுபடி டொக், டொக்.

ஏற்றாமல் விட்டால் அவன் இத்தனை பிணங்களுக்கு அடியிலேயே கிடப்பான். ஏற்றுவதென்றால் அவர்களைத் தூக்க வேண்டும். தூக்குவது அவள் இதுவரை செய்யாத காரியம். கண்ணை மூடிய அந்த முகம் மனசை விட்டுப் போகவில்லை. அவன்மேல் இருந்து இவர்கள் எழுந்து போனால் போதும் என்று அவளுக்குப் பட்டது.

"அடியில உள்ளத மட்டும் வச்சுக்க மன்சூரு. மேல உள்ளதெல்லாம் தூக்கிரு."

சோலைமுத்து போனார். தடுப்புத் திரைக்குப் பின்னால் ஈரமாக ஏதோ பிய்ந்த சத்தம். ஃப்ளெக்ஸை இழுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாயக்காள் போனாள். குழாயில் காற்று அடைத்தது போலக் கொரகொரவென்று ஒரு சத்தம். சுத்தியல் நிற்கவில்லை.

மாணவி போனாள். முடி கருகும் வாடை.

"மன்சூரு, ஏதோ தீயிற வாடை வருதுல்ல?"

"மழைத் தண்ணி பட்டு வயரு பொசுங்கியிருக்கும்க்கா." மன்சூரின் விரல் வேகமாக ஓடியது. ஒருவர், அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். ஒவ்வொருவருக்கும் திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். முறிவது. கிழிவது. நசுங்குவது. நடுவில் டொக். டொக்.

"ஏங்க?"

சுத்தியல் மட்டும் விழுந்தது.

"நிப்பாட்டு மன்சூரு."

"முடிஞ்சிருச்சுக்கா." அவன் கணினித் திரையை நோக்கிக் குனிந்தான். குரல் மாறியது. "அண்ணன் படத்தையும் காணோம். வெறும் வட்டம்தான் இருக்கு."

டொக்.

அவள் எழுந்தாள். அந்தப் பக்கம் போனாள். தடுப்புத் திரையின் அடியில் இருந்து ஈரம் வந்து கால்விரலைத் தொட்டது. சூடாக இருந்தது.

விலக்கினாள்.

மரச்சட்டத்தில் புதுமனை புகுவிழா பேனர். தாமரை, குத்துவிளக்கு, அனைவரும் வருக. நடுவில் பிராங்கிளினின் முகம். அச்சு இல்லை. தோல். இழுத்து, நெற்றியில், கன்னத்தில், தாடையில், சுற்றிலும் ஆணி. போனவர்கள் எல்லோருடைய காயமும் அதில் இருந்தது. வெட்டு. தீக்காயம். நசுங்கல். ரத்தம் குத்துவிளக்கின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டத்துக்கு முன்னால் அவன் உடம்பு மண்டியிட்டிருந்தது. கழுத்துக்கு மேலே முன்பக்கம் வெறும் சிவப்பு. ஒரு கை தரையைத் தடவி அடுத்த ஆணியைத் தேடி எடுத்து, தாடை ஓரத்தில் வைத்தது.

சட்டத்தில் இருந்த கண்கள் திறந்தன. அவளைத் தேடிப் பிடித்தன. ஆணிகளுக்கு நடுவே வாய் அசைந்தது.

"ஏய் அன்னா, செத்தத் தள்ளி நின்னு பாரு. நேரா இருக்கா?"

சுத்தியல் உயர்ந்தது.